ஓதம் இல்லாத சுவர்

படத்தில் வந்த எல்லோருக்கும் மஞ்சள் காமாலை கண்டிருந்தது. கதாநாயகனுக்கு, கதாநாயகிக்கு, அவர்கள் ஏறி வந்த குதிரைக்குக்கூட. ஒப்ராத் புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தான். அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு தடிப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்தான். மஞ்சள் போகவில்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல ஒப்ராத். சுவரு மஞ்சளா இருக்கு. அது மேல எது விழுந்தாலும் மஞ்சளாத்தான் தெரியும்," என்றாள் நெவெனா.

பழுத்த பேரிக்காய் நிறம். அவர்கள் கல்யாணத்தின்போது அவளே ஆசைப்பட்டுக் கேட்ட நிறம். பூசியதும் அடித்ததும் அவளுடைய அண்ணன் மிலிசாவ். வால்யெவோ ஊரில் பாதி வீடுகளின் சுவர் அவன் கை பட்டதுதான்.

புரொஜெக்டர், ஒப்ராத் வேலை பார்க்கும் மரக்கிடங்கின் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டது. வீட்டில் அலமாரியும் அடுப்பும் அடைக்காத சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கிழக்குச் சுவர். அதில்தான் புனித லூக்காவின் படம் மாட்டியிருந்தது. ஒப்ராத்தின் குடும்பத்துக்கு அவர்தான் காவல். அவருடைய நாள்தான் அவர்களுடைய ஸ்லாவா, வருஷத்துக்கு ஒருமுறை வரும் குடும்பத் திருநாள்.

"படத்தை மூலைப் பக்கமா நகத்தலாம். கிழக்கை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்," என்றான் ஒப்ராத். "சுவருக்கு வெள்ளை அடிச்சிடலாம். இல்லேன்னா திரை ஒண்ணு வாங்கிடலாம். இழுத்தா வரும், விட்டா சுருட்டிக்கும்."

"அப்ப புனிதர் திரைக்குப் பின்னாடி போயிடுவாரே?"

"ஃபுட்பால் பாக்குறப்போ அவரு பின்னாடி நின்னு காதால கேட்டுக்கட்டும்."

அன்றைக்கு அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணி யாஸ்னாவும் காப்பிக்கு வந்தார்கள். புரொஜெக்டரைப் பார்த்ததுமே மிலிசாவின் முகம் மலர்ந்துவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"என்ன மாப்ள, எனக்கு ஒரு வார்த்த சொல்லமாட்டியா? ஊரெல்லாம் சுவர் அடிச்சவன் இங்க ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

"உன்கிட்டதான் மச்சான் வரணும்னு இருந்தேன்."

"வெறும் வெள்ளையா அடிக்கக்கூடாது, கண்ணு கூசும். ஒரு கை சாம்பல் நிறம் கலக்கணும். பளபளப்பு ஆகவே ஆகாது. எல்லாத்துக்கும் முன்னாடி பட்டி பாக்கணும். சின்னதா ஒரு மேடு இருந்தாலும் போச்சு, நடிகை மூக்குல பரு வந்த மாதிரி தெரியும்." அவன் லூக்காவின் படத்தை அண்ணாந்து பார்த்தான். "இவரும் எங்க ஆளுதான். சாமி படம் வரைஞ்சவரு, அதனால எங்க பெயிண்டர் சங்கத்துத் தலைவரு. என்னடா பாவம்னா, மரம் விக்கிற குடும்பத்துக்கிட்ட வந்து மாட்டிக்கிட்டாரு."

"பேச்சு கேட்டியா?" என்றான் ஒப்ராத்.

"சிரிக்காத மாப்ள. அவரோட நாளுக்கு முன்னாடி நான் முடிச்சுத் தந்துடறேன்."

பேச்சுச் சுவாரஸ்யத்தில் அவன் காப்பிக் கோப்பையை வலது கையால் எடுத்துவிட்டான். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. காப்பி ததும்பி மேசை விரிப்பில் கொட்டியது. யாஸ்னா துணியால் துடைத்தாள். ஒப்ராத் ஜன்னலைப் பார்த்தான். நெவெனா, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணா?" என்றாள். மிலிசாவ் இடது கையால் கோப்பையை வாங்கிக்கொண்டு, எதுவும் நடக்காதது போலப் பட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

போன குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தப்பித்தது, பேச்சு தப்பித்தது. வலது கை மட்டும் அவன் சொல் கேட்காமல் போய்விட்டது. கோடையில் மாடிவீட்டுத் தாரிங்கா அக்கா இரக்கப்பட்டுத் தன் சமையலறையை அவனிடம் கொடுத்தாள். அந்தச் சுவரை நெவெனா பார்த்திருக்கிறாள். காற்றடித்த கோதுமை வயல் மாதிரி அலை அலையாக இருந்தது. தரை ஓடுகளில் வண்ணச் சொட்டுகள் காய்ந்து கிடந்தன. ஒரு வாரத்துக்குள் தாரிங்கா வேறொரு ஆளை வைத்து மறுபடி அடித்துவிட்டாள். மிலிசாவிடம், "நிறம் எனக்கு ஒத்துவரல தம்பி," என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

இப்போது அந்த அலைகளைத் தன் சுவரில் பார்த்தாள் நெவெனா. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டால் எல்லாம் துருத்திக்கொண்டு தெரியும். வருகிறவர்கள் பார்ப்பார்கள். அண்ணனே வந்து உட்கார்ந்து பார்ப்பான்.

"பாவம், அவன் மனசு எவ்வளவு நோகும்," என்றாள் ஒப்ராத்திடம். "திரையே வாங்கிடலாம்."

"அப்ப மச்சான்கிட்ட நேராச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

அண்ணன் மனசுக்காக என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது, பேருந்தில் போகும்போது, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணத்தை ஒருவர் இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளுக்கு அழகான வரவேற்பறை வேண்டும். அலை அடிக்காத சுவர் வேண்டும். அவ்வளவுதான்.

திரைக்குச் சொல்லியாகிவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்வதற்கு முன்னால், மரக்கிடங்கிலேயே திரையையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் யோசித்து வைத்திருந்தாள். அவன் போனை எடுத்ததும், "நெவெனா! இப்பத்தான் ரோலரை எல்லாம் எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சேன்," என்றான். அவளுக்கு யோசித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"இல்லண்ணா... இப்ப வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். சுவர்ல ஓதம் ஏறியிருக்கு."

"ஓதமா? எந்தச் சுவர்ல?"

"கிழக்குச் சுவர்லதான்."

"மேலயா கீழயா?"

"கீழ. மூலைல."

"நாளைக்கு வந்து பாக்கறேன்."

"நீ எதுக்குண்ணா அலையற—"

"ஓதம்ங்கற, வராம இருக்கச் சொல்றியா?" என்று போனை வைத்துவிட்டான்.

நெவெனா சுவரைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. அடுப்பின் சூடு பட்டு, மூலை வரை கதகதவென்று இருந்தது.

மாலையில் ஒப்ராத் வேலையிலிருந்து வந்தபோது அவள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற தண்ணீர்ப் புட்டி கையில் இருந்தது. மூலையில் ஈரத் துண்டுகளை அடைத்து வைத்திருந்தாள்.

"என்ன பண்ற?"

"ஒண்ணும் இல்ல."

"சுவருக்குத் தண்ணி ஊத்துறியே, என்ன முளைக்கும்?"

"பேசாம போ ஒப்ராத்."

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே நடந்ததை எல்லாம் கேட்டான். கேட்டு முடித்ததும் அவன் கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்யாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இதுக்குச் சுவரே அலை அடிச்சிட்டுப் போயிருக்கலாம்," என்றான்.

மறுநாள் மிலிசாவ் வந்தான். இப்போதெல்லாம் அவன் சைக்கிளை ஓட்டுவதில்லை. தள்ளிக்கொண்டே நடப்பான். பழைய தோல்பையைக் கைப்பிடியில் மாட்டியிருந்தான். நேராக மூலைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். பிறகு கன்னத்தை வைத்தான். வண்ணம் ஓரிடத்தில் கொப்பளித்திருந்தது, அதை நகத்தால் கீறினான். அவனுக்குச் சந்தேகம் வரும், இது நேற்று ஊற்றிய தண்ணீர் என்று கண்டுபிடித்துவிடுவான், கத்துவான், எல்லாம் முடிந்துவிடும் என்று நெவெனா காத்திருந்தாள். அதற்காக வேண்டிக்கொள்ளவும் செய்தாள். ஆனால் சொந்தத் தங்கை சொல்லும்போது அவன் சுவரை எதற்குச் சந்தேகப்படப் போகிறான்?

"உன் கல்யாண வருஷம்," என்றான் கடைசியில். "ஞாபகம் இருக்கா? பூச்சு காய நாளில்ல. விருந்தாளிங்க வந்துடுவாங்கன்னு அவசரப்பட்டு மேல வண்ணத்தை அடிச்சேன். அன்னிக்கே ஒரு உறுத்தல் இருந்துச்சு. இத்தனை வருஷம் உள்ளயே இருந்துட்டு இப்ப வெளிய வந்திருக்கு."

"இல்லண்ணா! மேல தாரிங்காக்கா வீட்டுக் குழாயா இருக்கும்."

"குழாய்னா மேலருந்து எறங்கும். இது கீழருந்து ஏறுது." எழுந்திருக்க அவனுக்குச் சிரமமாக இருந்தது. அவள் பிடிக்கப் போனாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "இது என் கை பண்ணது. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு கை. அதான்."

காப்பி வேண்டாம் என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் தெருமுனை திரும்பும்வரை நெவெனா வாசலில் நின்றாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.

திரை வந்தது. ஒப்ராத் ஏணி போட்டு ஏறி, கூரைக்குக் கீழே இரண்டு துளை போட்டான். வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி பொடி கொட்டியது, அத்தனையும் காய்ந்த பொடி.

"ட்ரில்லே திணறுது," என்றான் ஏணியிலிருந்து. "கல்லு மாதிரி பூசியிருக்கான் மச்சான்."

நெவெனா கீழே நின்று அந்தப் பொடியைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாளில் யாஸ்னா அண்ணி போன் செய்தாள்.

"உங்க அண்ணன் காலைல கிளம்பினா பொழுது சாயத்தான் வீட்டுக்கு வர்றாரு. உன் கல்யாண வருஷம் பூசின வீடெல்லாம் தேடித் தேடிப் போறாரும்மா. 'சுவர்ல ஓதம் இருக்கா, கொஞ்சம் தடவிப் பாத்துக்கட்டுமா'ன்னு கேக்குறாரு. மருந்துக்கடைக்காரங்க வீட்டுல உள்ளயே விடலயாம். வாசல்லயே நின்னு கேட்டுட்டு வந்திருக்காரு."

"எங்கயாச்சும்... இருந்துச்சா அண்ணி?"

"எங்கயும் இல்ல. அதான் இன்னும் மோசம். 'ஊரான் வீட்டுக்கெல்லாம் ஒழுங்காப் பூசியிருக்கேன் யாஸ்னா, என் தங்கச்சி வீட்டுல மட்டும் கெடுத்து வச்சிருக்கேன்'னு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டாரு. நீ ஒரு வார்த்த பேசிப் பாரேன். நீ சொன்னாக் கேப்பாரு."

நெவெனா அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனாள். அண்ணன் இல்லை, சுவர் பார்க்கப் போயிருந்தான். காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்தாள். யாஸ்னா வால்நட் கேக் வெட்டி வைத்தாள். "உன்னைப் பத்திதான் எந்நேரமும் பேச்சு," என்றாள். நெவெனா ஒரு துண்டைப் பிய்த்து, வாயில் வைக்காமல் தட்டிலேயே திரும்ப வைத்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று இன்னொரு பொய் சொல்லி எழுந்துவிட்டாள். ஸ்லாவா முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு தடவை வந்தவர்கள் வருஷா வருஷம் வருவார்கள். வாருங்கள் என்று சொல்லத் தேவையில்லை, அதனால் வராதீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. அண்ணன் வந்தே தீருவான். கூரைக்குக் கீழே திரை சுருண்டிருக்கும் நீளமான வெள்ளைக் குழாய் மாட்டியிருப்பதையும் பார்த்தே தீருவான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரையும் கூரையையும் பார்க்கிறவன் அவன்.

பூவேலை செய்த நீளத் துண்டை எல்லா வீட்டிலும் அன்றைக்குப் புனிதரின் படத்தைச் சுற்றி அலங்காரமாகத் தொங்க விடுவார்கள். நெவெனா இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, படத்தைச் சுற்றித் தொங்கவிட்டு, மேலே திரைக்குழாயையும் மூடினாள். இழுக்கிற கயிற்றைத் துண்டின் நுனிக்குள் மறைத்தாள். தூரத்தில் நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

பாதிரியார் காலையிலேயே வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியைச் சுழற்றி, ஒயின் ஊற்றி, உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "இந்த வருஷம் புனிதருக்கு அலங்காரம் தடபுடலா இருக்கே!" என்று நெவெனாவைப் பாராட்டினார். அவள் தலை குனிந்து அவர் கையை முத்தமிட்டாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக்கூடாது என்பதால் ஒப்ராத் நின்றபடியே எல்லோருக்கும் ராக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றிக்கொண்டிருந்தான். நெவெனா வாசலில் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து அரைத்த கோதுமையை ஏந்தி நின்றாள். வருகிறவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கரண்டியைப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தம்ளருக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மிலிசாவும் யாஸ்னாவும் கடைசியாக வந்தார்கள். அவன் சவரம் செய்து, நல்ல கோட்டு போட்டிருந்தான். இரண்டு வாரத்தில் முகம் வற்றிப் போயிருந்தது. இடது கையால் கோதுமையை எடுத்தான்.

"உங்க புனிதர் நாள் நல்லபடியா இருக்கட்டும்மா," என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கடன் பட்டவன் மாதிரி உள்ளே நுழைந்து, அந்த மூலைக்கு முதுகு காட்டாமல், அதற்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தான்.

கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைத்த சர்மா வந்தது, பன்றி வறுவல் வந்தது. பேச்சு ஏறிக்கொண்டே போனது. தாரிங்கா அக்காவுக்கு மூன்றாவது ராக்கியாவுக்கு மேல் குரல் கூரையைத் தொடும்.

"ஏம்ப்பா மிலிசாவ், நீ ஊர் பூரா வீடு வீடாப் போயி ஓதம் இருக்கான்னு கேக்குறியாமே? நகராட்சில வேலை போட்டுக் குடுத்துட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மிலிசாவ் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தான்.

"கேட்டதும் நல்லதுதான் தாரிங்காக்கா. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். இந்த வீட்டுக் கிழக்குச் சுவர்ல ஓதம் ஏறியிருக்கு. தப்பு என்னோடது. அவசரப்பட்டுப் பூசினேன். வசந்தம் வந்ததும் நல்ல ஆளா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து, முழுக்கக் கொத்தி எடுத்து, மறுபடி பூசித் தந்துடறேன். மாப்ள, மன்னிச்சிக்க."

ஒப்ராத் புட்டியைப் பிடித்தபடி நின்றான். அவன் நெவெனாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஓதமா? இந்தச் சுவர்லயா?" தாரிங்கா எழுந்து போய் மூலையைத் தடவினாள். "என் வீட்டுச் சுவர் இதுக்கு மேலதானே நிக்குது! காஞ்சு போய்க் கெடக்கேப்பா. என் உதடுகூட இதவிட ஈரம்." அப்படியே நிமிர்ந்தவள் தொங்குகிற துண்டைப் பார்த்துவிட்டாள். "அடடே, நெவெனா, இந்த ரோஜாப் பூவெல்லாம் நீ போட்டதா?" என்று பூவேலையை நன்றாகப் பார்க்க நுனியைப் பிடித்து இழுத்தாள்.

கடகடவென்று சத்தம். துண்டு அவள் தலையில் விழுந்தது. கூரையிலிருந்து வெள்ளைத் திரை சரசரவென்று இறங்கிப் புனித லூக்காவை மறைத்துக்கொண்டு நின்றது.

"ஐயோ, புனிதர்!" என்று யாரோ கத்தினார்கள். துண்டுக்குள்ளிருந்து தாரிங்கா, "நான் ஒண்ணும் பண்ணல! நான் தொடக்கூட இல்ல!" என்று கூவினாள். ஒப்ராத் கயிற்றைப் பிடித்து விட்டுப் பார்த்தான். திரை மேலே போகவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

சிரிப்பு அடங்கியபோது மிலிசாவ் திரைக்கு முன்னால் நின்றிருந்தான்.

"திரை வாங்கியாச்சா?" என்றான் மெதுவாக. "நல்லதுதான். ஓதம் வெளிய தெரியாது."

அதற்கு மேல் நெவெனாவால் முடியவில்லை. எடுத்து வைக்கப் போன கோதுமைத் தட்டு அவள் கையிலேயே இருந்தது.

"ஓதம் இல்லண்ணா."

"ம்?"

"ஓதமே இல்ல. நான்தான் தண்ணி ஊத்தினேன். நீ வர்றதுக்கு முன்னாடி துணிய நனைச்சு வச்சேன்."

மேசை மூலையில் யாரோ கரண்டியை மெதுவாகக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப சுவரு நல்லாருக்கா?" என்றான் மிலிசாவ்.

"நல்லாருக்குண்ணா. ட்ரில்லு போட்டா உள்ளயே போக மாட்டேங்குது. பொடி மாவு மாதிரி விழுந்துச்சு."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. உடனே மறைந்தது.

"அப்புறம் ஏன்?"

அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கண் தானாகத் திரும்பியது. அவன் வலது கையில் போய் நின்றுவிட்டது. மற்றவர்களும் அங்கேதான் பார்த்தார்கள். மிலிசாவ் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். பை ஆடியது.

"சுவத்தை நான் பண்றேன்னு சொன்னேன்," என்றான். "என் கையாலன்னா சொன்னேன்? கலரை நான் கலக்கறேன். ரோலரை மாப்ள புடிக்கட்டும். நான் நாற்காலி போட்டு உக்காந்து அவனைத் திட்டிட்டு இருக்கலாம்னு நெனச்சேன். இத்தனை வருஷம் அவனைத் திட்ட ஒரு காரணம் கிடைக்கல." யாரும் சிரிக்கவில்லை. "என் கை ஆடுறது எனக்குத் தெரியாதா நெவெனா? என்கூடத்தானே இருக்கு."

"அண்ணா—"

"இனிமே அடிக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரியிலயே தெரிஞ்சுபோச்சு. அது போகட்டும்னு விட்டேன். அடிச்ச வரைக்கும் ஒழுங்கா அடிச்சிருக்கேன்ல, அது போதும்னு இருந்தேன். அதையும் நீ எடுத்துட்ட."

தாரிங்கா துண்டை மடித்துக்கொண்டே, "தம்பி, நானும் அன்னிக்கு நிறம் ஒத்துவரலன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் தாரிங்காக்கா. அதே நிறத்தைத்தானே மறுபடியும் அடிச்சீங்க." அவன் யாஸ்னாவிடம் திரும்பினான். "கிளம்பு."

ஒப்ராத் வாசல் வரை ஓடினான். நெவெனா தட்டை ஏந்தியபடி நின்ற இடத்திலேயே நின்றாள். விருந்தாளிகள் அவளிடம் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருத்தி அவள் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தாள். அந்த அன்பு அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஸ்லாவாவின் மிச்சத்தைச் சாப்பிடுகிற நாள். அவள் ஒரு கிண்ணத்தில் கோதுமையும் ஒரு பாத்திரத்தில் சர்மாவும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். யாஸ்னா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இல்ல. கிளம்பிட்டாரு."

"எங்க அண்ணி?"

"எங்க போவாரு? அன்னிக்குப் போன வீட்டுக்கெல்லாம் மறுபடி போறாரு. பயப்படாதீங்க, சுவர் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வரணுமாம். சில பேரு சுவத்தைக் கொத்திப் பாக்கலாமான்னு யோசிக்கிறாங்களாம், இவரு கேட்டதுல." அவள் கண்கள் சிவந்திருந்தன. "அன்னிக்கு உனக்கு ஏன் கேக் வெட்டி வச்சேன்னு என்னையே திட்டிக்கிறேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கணும் அண்ணி."

பாத்திரத்தை யாஸ்னா வாங்கிக்கொண்டாள். கோதுமைக் கிண்ணத்தை நெவெனா கொடுக்கவில்லை.

ஆற்றங்கரைத் தெருவில் அவனைக் கண்டாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளிருந்து ஒரு ஆள், "அப்ப போன வாரம் ஓதம்னீங்க, இந்த வாரம் இல்லீங்கறீங்க. என்னய்யா இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லங்க, இருக்கான்னுதான் கேட்டேன்..." மிலிசாவ் சொல்வதற்கு வார்த்தை தேடினான்.

"நான் சொல்றேன்," என்றாள் நெவெனா, பின்னாலிருந்து. அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் வீட்டுச் சுவர்ல ஓதம்னு எங்கண்ணன்கிட்ட நான் பொய் சொன்னேன். அதை நம்பித்தான் இவரு உங்க வீட்டுக்கெல்லாம் வந்தாரு. உங்க சுவர்ல எந்தக் குறையும் இல்ல. இவரு பூசினதுல எதுலயும் குறை இல்ல."

அந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்ல குடும்பம்யா," என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

மிலிசாவ் சைக்கிளை எடுத்துத் தள்ளினான். அவள் பக்கத்தில் நடந்தாள். அடுத்த வாசலில் அவன் மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். கதவு திறந்தது. அவளே சொன்னாள். அதற்கடுத்த வாசலிலும் அப்படித்தான். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு புது முகம், ஒவ்வொரு முகமும் முதல் தடவையாக அவளைப் பார்த்தது. ஒரு கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன ஊத்தின?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் தெருவே கேட்கும்படி, "தண்ணி!" என்று கத்த வேண்டியிருந்தது.

அந்த வாசலிலிருந்து திரும்பும்போது மிலிசாவின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தாள். அவன் அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் முகத்தை மறுபடி இறுக்கிக்கொண்டான்.

"திரைய எப்படி மாட்டினீங்க?" என்றான், கொஞ்ச தூரம் போனபிறகு. அன்றைக்கு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ரெண்டு ஓட்டை போட்டு."

"என் சுவர்லயா?"

"ம்."

"எவ்வளவு பெரிசு?"

அவள் கட்டை விரலைக் காட்டினாள். அவன் வலியோடு கண்ணை மூடித் திறந்தான்.

"திரைய இன்னிக்கே கழட்டிடறேண்ணா."

"கழட்டு. புனிதர் பின்னாடி நின்னுட்டு இருக்காரு." இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினான். "ஓட்டைய நீயே பட்டி வச்சு அடைக்கணும். மாப்ள வேணாம், அவன் அவசரக்காரன். நான் உக்காந்து பாப்பேன். ஒழுங்கா வரலைன்னா சுரண்டிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லுவேன்."

"சரிண்ணா."

"எத்தனை தடவை ஆனாலும்."

"சரிண்ணா."

கோதுமைக் கிண்ணத்தை அவள் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. "அப்புறம்," என்றான்.

மருந்துக்கடைக்காரர் வீடு வந்தது. அவனை உள்ளே விடாத வீடு. உயரமான இரும்புக் கதவு, பளபளவென்று பித்தளை மணி. மிலிசாவ் சைக்கிளை நிறுத்தினான். கோட்டுப் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மணியை நோக்கிக் கொண்டுபோனான். அது ஆடிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றது. அதை அவன் மறைக்கவில்லை. அவள் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தான்.

அவள் இந்தத் தடவை கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மணிய நீ அடி," என்றான்.